கிரீஸ் ஆகாத வளையம்

மாப்ள,

என் பட்டறைக் கதவில் தொங்கும் துண்டில் இன்னும் அந்த வாசனை இருக்கிறது. இரண்டு தடவை அலசிப் போட்டுவிட்டேன். வெயிலில் காய்ந்து விறைத்த பிறகும் முகத்தருகே கொண்டுபோனால் வருகிறது. பாகு காய்ச்சும்போது அடுப்படியில் எழுமே, அந்த மாதிரி ஒரு தித்திப்பு. அதற்கு அடியில் லேசாக மருந்து நெடி. கார் இன்ஜினைக் குளிர வைக்க ஊற்றுகிற கூலன்டின் வாசனை. பத்து நாளாக நீ என் மூக்கில்தான் குடியிருக்கிறாய்.

போன மாதக் கடைசியில் உன் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். பட்டறை வாசலில் நின்றுகொண்டே பேசினான்.

"மாமா, அத்தா வண்டி அப்படியே நிக்குது. ஸ்டார்ட் ஆகுது. ஆனா உள்ள உக்காந்தா ஒரே இனிப்பு வாடை. சென்னைக்குக் கொண்டுபோயி ஓட்டலாம்னு பாக்கேன். எந்த மெக்கானிக்கிட்ட விடலாம்னு அம்மாகிட்ட கேட்டேன். அது மாமாவுக்குத்தான் தெரியும், அவருகிட்டயே விடுன்னாங்க."

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. முதல் நாலு மாதம் பத்து நாள், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி, கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தாள், வெளி ஆண்கள் போய்ப் பார்க்க முடியாது. அந்தக் கணக்கு முடிந்த பிறகும் நான் போகவில்லை. பேகம்பூர் பக்கம் வேலை வந்தால்கூட உன் தெருவை விட்டுவிட்டுச் சுற்றிப் போகப் பழகியிருந்தேன். ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து நாற்பத்தைந்து வருடம் போய் வந்த வீடு அது. ஏன் போகவில்லை என்பதை உன்னிடம் சொல்ல வேண்டும்.

அந்த வண்டியை நீ வாங்கியபோது நமக்கு ஐம்பத்திரண்டு வயது. கோயம்புத்தூரில் ஒரு மில் முதலாளி வீட்டு ஷெட்டில் கிடந்த கருநீல ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. இன்ஜின் நம் முதுகுக்குப் பின்னால். இருபது வருடப் பழசு. அந்த வயதில் திண்டுக்கல்லில் ஆட்கள் மனை வாங்குவார்கள், மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். நீ இதை வாங்கி வந்து என் பட்டறை முன்னால் நிறுத்தினாய். மோட்டார் ரிப்பேருக்கு வந்திருந்த விவசாயிகள் எல்லாம் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஏன் பாய், இதுல எப்படி உள்ள போயி வெளிய வருவீங்க?" என்று கேட்டார்.

"உள்ள போறது கஷ்டமில்ல. வெளிய வாரதுக்குத்தான் இவன வச்சிருக்கேன்" என்று நீ என்னைக் காட்டினாய்.

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. என்னத்துக்கு இது என்று தனியாகக் கேட்டேன். "முப்பது வருசமா தோல் வாடையிலேயே கெடக்கேன் மாப்ள. வீட்டுக்குப் போனாலும் அதே வாடை, தொழுகையில நின்னாலும் அதே வாடை. வாரத்துல அரை மணி நேரம் வேற எதையாச்சும் மோந்து பாக்கணும்" என்றாய். உன் தோல் ஷாப்பில் பதனிடும் தோலின் நெடி எனக்குத் தெரியும். 

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறரைக்கு நீ வந்து ஹாரன் அடிப்பாய். ஒட்டன்சத்திரம் ரோட்டில் போவோம். ஊரைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. அந்த வண்டியின் வயிறு தரையிலிருந்து ஒரு சாண்கூட இருக்காது. வேகத்தடை வந்தால் நான் இறங்கிவிடுவேன். பாரம் குறைந்தால் அடி உரசாது. நான் முன்னால் நடந்துபோய்க் குனிந்து பார்த்து, "வா, வா, இடது பக்கம் ஒடி, வா" என்று மாட்டை ஓட்டுகிற மாதிரி கையைக் காட்டுவேன். நீ கோணலாக ஏற்றி இறக்குவாய். ஷேர் ஆட்டோக்காரர்கள் நம்மைத் தாண்டிப் போகும்போது சிரிப்பார்கள். ஒரு தடவை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்கிவிட்டாய். வைக்க இடமில்லை. ஊர் வரைக்கும் என் மடியில் வைத்து, பாதியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு விலை உயர்ந்த வண்டியில் அப்படி யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாம் மாதம் அந்த இனிப்பு வாசனை தொடங்கியது. கூலன்ட் வாரத்துக்கு ஒரு விரற்கடை குறைந்தது. அடியில் அட்டை விரித்து வைத்துப் பார்த்தோம், சொட்டுகூட விழவில்லை. குழாய்களை எல்லாம் தடவிப் பார்த்தேன். என் தொழிலே தண்ணீர் ஒழுகுவதைக் கண்டுபிடிப்பதுதான். முன்னூறு அடி ஆழத்திலிருந்து தூக்கிய மோட்டாரில் எந்த சீல் போயிருக்கிறது என்று கையால் தொட்டுச் சொல்கிறவன் நான். எனக்கு அகப்படவில்லை.

அகப்பட்டது உன் மூக்குக்கு. தோல் ஷாப்புக்காரனுக்கு மூக்கு செத்துப்போயிருக்கும் என்று எல்லோரும் உன்னைக் கேலி செய்வார்கள். நீ பின்பக்கப் பெட்டியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, நாய் மாதிரி ஒவ்வொரு மூலையாக மோந்தாய். "மாப்ள, இந்த விரிப்ப எடு" என்றாய். எடுத்தேன். அடியில் இளஞ்சிவப்பாக ஈரம். கூலன்ட் டேங்க் அந்த வண்டியில் பின்னால், பெட்டியின் ஓரத்தில் இருந்தது. பிளாஸ்டிக் டேங்க். அதன் அடியில் தண்ணீர் அளவைக் காட்டும் சென்சார் ஒன்று திருகி ஏறியிருக்கும். அது உட்காரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம். இன்ஜின் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறும்போது மட்டும் அதன் வழியாகக் கசிந்ததை விரிப்பு குடித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் வெளியே சொட்டவில்லை.

அன்றைக்கு நீ அந்த விரிப்பைப் பிழிந்த இடத்தில் நாலு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினாய். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். "இது இனிப்பா இருக்கும், ஆனா விசம். தெரு நாய் வந்து நக்கிருச்சுன்னா செத்துப்போகும். புத்தகத்துல போட்டிருக்கு" என்றாய்.

புத்தகம். வண்டியோடு வந்த அந்தத் தடித்த ஆங்கிலப் புத்தகம். பத்தாவதில் ஆங்கிலத்தில் நாம் இருவரும் எப்படித் தேறினோம் என்பது நமக்குத்தான் தெரியும். நீ போனில் அர்த்தம் பார்த்துப் பார்த்து, வரிக்கு அடியில் விரலை வைத்து அதைப் படித்தாய். எனக்கு அது பிடிக்கவில்லை. என் பட்டறையில், என் முன்னால், ரப்பர் வளையத்தைப் பற்றி நீ புத்தகம் பார்த்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

கோயம்புத்தூரிலிருந்து புது வளையம் வந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பார்த்தால் நான் தினமும் பம்புகளில் போடுகிற வளையம் மாதிரிதான் இருந்தது. அதே கறுப்பு, அதே தடிமன்.

"மாப்ள, இதுக்கு கிரீஸ் ஆகாதாம். ஊத்துற கூலன்டையே தொட்டுத் தடவிப் போடணுமாம். வேற எண்ணெய் எதுவும் படக் கூடாதாம்."

"ஏலே, நீ தோலப் பாரு. ரப்பரப் பத்தி எனக்குச் சொல்லாத. முப்பது வருசமா இதத்தான் போட்டுக்கிட்டிருக்கேன்."

"நீ போடுறது கெணத்துத் தண்ணிக்கு. இது கொதிக்கும்டா."

"சரி, சரி. நீ போயி தொழுதுட்டு வா. வாரதுக்குள்ள போட்டு வச்சிருக்கேன்."

நீ ஜும்மாவுக்குப் போனாய். நான் முதலில் நீ சொன்ன மாதிரியேதான் போட்டுப் பார்த்தேன். கூலன்ட் தொட்டுத் தடவினேன். சென்சாரைத் திருகும்போது வளையம் முறுக்கிக்கொண்டு பள்ளத்திலிருந்து நழுவியது. இரண்டாம் தடவையும் நழுவியது. மூன்றாம் தடவை கோபம் வந்துவிட்டது. பொறுமையாக இன்னும் ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் உட்கார்ந்திருக்கும். நான் எட்டி, என் கடைப் பச்சை கிரீஸ் டப்பாவை எடுத்தேன். வளையத்திலும் பள்ளத்திலும் விரலால் அப்பினேன். வழுக்கிக்கொண்டு ஒரே திருகில் உட்கார்ந்தது.

நீ தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தாய். "கூலன்ட் தொட்டே போட்டியா?"

"ஆமா."

கையால் காற்றடிக்கும் பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றிக் காட்டினேன். முள் அப்படியே நின்றது. நீ என் தோளில் தட்டி, "கெட்டிக்காரன்டா நீ" என்று சொல்லி, டீ வாங்கப் போனாய்.

ரப்பரில் பல வகை உண்டு என்பதை நான் பிற்பாடுதான் சரியாகத் தெரிந்துகொண்டேன். பம்புக்குப் போடுகிற ரப்பர் கிரீஸைத் தாங்கும், கொதிக்கிற கூலன்டை வெகுநாள் தாங்காது. உன் வண்டிக்கு வந்தது கூலன்டைத் தாங்கும், எண்ணெய்ப் பசை பட்டால் மெல்ல மெல்ல ஊறி, உப்பி, சதை மாதிரி ஆகிவிடும். மூன்று வாரம் ஆனது அதற்கு.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். உன் போன் வந்தது. "மாப்ள, செம்பட்டிக்கு முன்னாடி நிக்கேன். விளக்கு எரிஞ்சிருச்சு, முள்ளு மேல போயிருச்சு. அணைச்சுட்டேன். கொஞ்சம் வா."

வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் இருந்த உன் அக்காவுக்கு உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று காலையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உன் அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் சுமந்த அக்கா. வீட்டுக் காரை மகன் சென்னைக்கு எடுத்துப் போயிருந்தான். அதனால் நீ இதை எடுத்துக் கிளம்பியிருந்தாய்.

நான் பைக்கில் இரண்டு கேன் தண்ணீரைக் கட்டிக்கொண்டு வந்தேன். தென்னந்தோப்பு ஓரமாக வண்டி நின்றது, பின்பக்கத்திலிருந்து ஆவி லேசாகப் போய்க்கொண்டிருந்தது. நீ ரோட்டைப் பார்த்தபடி நின்றாய். 

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"டேங்க் ஆறணும் மாப்ள. சூட்டுல மூடியத் தொறந்தா முகத்துல அடிக்கும். முக்கா மணி நேரமாவது ஆகும். நீ என் பைக்க எடுத்துக்கிட்டுப் போ."

"மனசு ஒரு நெலையில இல்ல. பைக் ஓட்ட மாட்டேன்."

உன்னைப் பைக்கில் உட்கார வைத்து நானே கொண்டுபோய் விட்டிருக்கலாம். அது அப்போது ஏன் தோன்றவில்லை என்று பல நாள் யோசித்தேன். தோன்றியது. ஆனால் எனக்கு முன்னால் வேறு யாரும் அந்த டேங்கைத் திறந்துவிடக் கூடாது என்ற எண்ணமும் அதே நேரத்தில் வந்தது. அதற்குள் நீயே ஒரு பஸ்ஸைக் கை காட்டி நிறுத்திவிட்டாய். படியில் நின்றபடி, "நீ வண்டியப் பாரு, நான் போறேன்" என்றாய்.

நீ போன பிறகு நான் பின்பக்கத்தைத் திறந்தேன். விரிப்பு தொப்பலாக நனைந்திருந்தது. ஆறும்வரை காத்திருந்து கழற்றினேன். வளையம் பள்ளத்திலிருந்து பிதுங்கி, ஒரு பக்கம் அறுந்து தொங்கியது. கையில் எடுத்தபோது கொழகொழவென்று இருந்தது. அதைத் தென்னந்தோப்புக்குள் வீசி எறிந்தேன். சாக்கு நூலைச் சுற்றி ஒப்பேற்றி, தண்ணீர் ஊற்றி, நிறுத்தி நிறுத்தி ஊருக்கு ஓட்டிக்கொண்டிருந்தபோது உன் போன் வந்தது.

"அக்கா போயிருச்சு மாப்ள. நான் வாரதுக்கு அரை மணி நேரத்துக்கு முன்னால."

நான் ஏதோ சொன்னேன்.

"கண்ணத் தொறந்து, அவன் எங்கன்னு கேட்டுச்சாம். வந்துக்கிட்டே இருக்கான்னு சொன்னாங்களாம்."

அப்புறம் நீ அழுதாய். நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே சொல்லியிருக்க வேண்டும். அடக்கத்துக்கு வந்தபோது உன்னைச் சுற்றி ஆட்கள். மூன்றாம் நாள் உன் மாமனார் இருந்தார். இப்படி ஒவ்வொரு நாளைக்கும் ஒரு காரணம் அகப்பட்டது. இரண்டு வாரம் கழித்துப் புது வளையம் வாங்கி வைத்துக்கொண்டு நீ போன் செய்தாய். நான் வந்து போடுகிறேன் என்றேன். "வேணாம் மாப்ள, நீ கடையப் பாரு. இத நானே போட்டுக்கறேன்" என்றாய். என் மேல் சந்தேகமோ என்று ஒரு கணம் திக்கென்றது. அடுத்த கணமே, நல்லதாகப் போயிற்று, அந்த டேங்கை நான் இனித் தொட வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தது.

நாலு வருடம். தினமும் சாயந்திரம் நீ பட்டறைக்கு வருவது நிற்கவில்லை. எதிர்க்கடையில் டீ. உன் பேச்சு, என் பேச்சு. ஒரே ஒரு நாள், டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாய்.

"அந்த வளையம் ஏன் மாப்ள மூணே வாரத்துல அப்படிப் போச்சு?"

"பழைய வண்டி. சூடு தாங்கல."

நீ என்னைச் செத்த நேரம் பார்த்தாய். "ம். சூடுதான்" என்றாய். பிறகு வெண்டைக்காய் விலையைப் பற்றிப் பேசினாய்.

அதற்குப் பின் ஞாயிற்றுக்கிழமை நீ ஹாரன் அடித்தபோதெல்லாம் எனக்கு வேலை இருந்தது. ரெட்டியார்சத்திரத்தில் ஒரு கிணறு, வேடசந்தூரில் ஒரு மோட்டார். இல்லாத கிணறுகள், இல்லாத மோட்டார்கள். மூன்று நாலு வாரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நீ ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டாய். 

நீ தோல் ஷாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த அன்று உண்மையாகவே நான் ஒரு கிணற்றடியில் இருந்தேன். போன் வந்தபோது கையெல்லாம் சேறு. வந்து சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றியிருந்தார்கள். மையவாடியில் உன் மகனுக்கு அடுத்து நான் மூன்று பிடி மண் போட்டேன். சொல்ல வேண்டியதை அப்போதாவது மனதுக்குள் சொல்லியிருக்கலாம். மண்ணில் சரளை அதிகமாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். மனம் அப்படித்தான் எங்கேயாவது போய் ஒட்டிக்கொள்கிறது.

உன் மகன் வண்டியைக் கொண்டுவந்து விட்ட மறுநாள் பட்டறையைப் பாதி சாத்திவிட்டுத் தனியாக உட்கார்ந்தேன். என் வீட்டில் இப்போது ஆளில்லை. என் மனைவி பேத்தியைப் பார்த்துக்கொள்ளத் திருப்பூர் போய் ஏழு மாதமாகிறது. சாப்பாடு மெஸ்ஸில். பேசுவதற்கு ரேடியோ.

விரிப்பை எடுத்தேன். அதே இளஞ்சிவப்பு ஈரம். பதினோரு மாதம் ஓடாமல் நின்றதில் வளையம் காய்ந்து தட்டையாகிவிட்டிருந்தது. அது இயற்கை. கூலன்டை வடித்தேன், டேங்கைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தேன், சென்சாரைத் திருகி எடுத்தேன். பழைய வளையத்தை நெம்பி எடுத்துவிட்டுப் பள்ளத்தில் டார்ச் அடித்தேன்.

பள்ளம் சுத்தமாக இருந்தது. கழுவி வைத்த தட்டு மாதிரி. எந்த மூலையிலும் ஒரு துளி அழுக்கில்லை. குச்சியில் துணி சுற்றி, சுற்றிச் சுற்றித் துடைத்தால்தான் அப்படி வரும். நான் அன்றைக்குச் செம்பட்டியில் வளையத்தை எடுத்து எறிந்தேனே தவிர, பள்ளத்தில் அப்பியிருந்த கிரீஸைத் துடைக்கவில்லை. துடைக்க நேரமில்லை, தோன்றவுமில்லை. அந்த டேங்கை அதற்குப் பின்னால் திறந்தவன் நீ ஒருத்தன்தான்.

துடைத்தது நீ. அப்படியென்றால் பார்த்தது நீ.

 வாசலில் யாரோ வந்து மோட்டார் ரெடியா என்று கேட்டுவிட்டுப் பதில் இல்லாமல் போனார்கள். பிறகு எழுந்து கையை சோப்புப் போட்டுக் கழுவினேன். புது வளையத்தைக் கூலன்டில் நனைத்தேன். மூன்று தடவை நழுவியது. நாலாவது தடவை, விரல் நுனியால் சுற்றி அமுக்கிக்கொண்டே மெதுவாகத் திருகினேன். உட்கார்ந்தது. மாட்டி, நிரப்பி, அழுத்தம் ஏற்றி ஒரு மணி நேரம் விட்டேன். முள் அசையவில்லை.

மறுநாள் காலையில் வண்டியை நானே உன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பேகம்பூர் திருப்பத்து வேகத்தடையில் இறங்கி நடந்து கை காட்ட யாருமில்லை. எவ்வளவு கோணலாக ஏற்றியும் அடி உரசிவிட்டது.

தங்கச்சி கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். "வாங்கண்ணே" என்றாள், அவ்வளவுதான். உள்ளே போய் உட்கார்ந்தேன். சாவியை மேசையில் வைத்தேன். 

"அந்த வளையத்துல நான்தாம்மா கிரீஸ் போட்டேன். அவன் வேணாம்னு சொல்லிட்டுத்தான் போனான். கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. சாவியைப் பார்த்தாள்.

"தெரியும்ணே."

"எப்ப?"

"அவரு புது வளையம் போட்ட அன்னிக்கே. முத்தத்துல உக்காந்து தொடச்சாரு. வெள்ளத் துணியில பச்சையா வந்துச்சு. எங்கிட்ட கொண்டாந்து காட்டுனாரு. இது அவன் கடை கிரீஸுன்னாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, இப்பவே போயி நாலு வார்த்தை கேட்டுட்டு வாங்கன்னேன். போகல."

"ஏன்?"

"அவனே சொல்லுவான்னாரு. நானாக் கேட்டா அவன் தல குனிஞ்சிருவான், அவனாச் சொல்லட்டும், கொஞ்ச நாள் போகட்டும்னாரு. தெனமும் சாயந்திரம் உங்க கடைக்குக் கெளம்பும்போது எனக்குத் தெரியும், இன்னிக்குச் சொல்லிருவான்னு நெனச்சுட்டுத்தான் போறாருன்னு. திரும்பி வந்தா மொகத்தப் பாப்பேன். பெறகு கேக்குறதையே விட்டுட்டேன்."

முற்றத்தில் தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை எழுந்துபோய் இறுக்கி மூடிவிட்டு வந்தேன். உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"கோவமா இருந்தானா?"

"இல்லாம? ரெண்டு மாசம் சரியாச் சோறு திங்கல. பெறகு சொல்லுவாரு, அக்கா ஆயுசு அல்லா கையில, அதுக்கு அவன் என்ன பண்ணுவான்னு. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லன்னு, அத மட்டும் கடைசி வரைக்கும் சொன்னாரு."

நான் அழுதேன், மாப்ள. மையவாடியில் வராத அழுகை உன் வீட்டுக் கூடத்தில் வந்தது. அவள் சமாதானம் சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, "எனக்கு இன்னும் கோவம் இருக்குண்ணே. உங்ககிட்ட மறைக்கல. இருங்க, டீ போட்டுட்டு வாரேன்" என்று அடுப்படிக்குப் போனாள். டீயில் சர்க்கரை அளவாக இருந்தது, எனக்கு ஒரு ஸ்பூன் போதும் என்பதை அவள் மறக்கவில்லை. குடித்துவிட்டு வந்தேன். இனி போவேன். அவள் கோபத்தோடு இருந்தாலும் போவேன்.

வண்டியை உன் மகன் சென்னைக்கு எடுத்துப் போய்விட்டான். ஒழுகவில்லை என்று இரண்டு நாள் முன்பு போனில் சொன்னான்.

இன்றைக்கு ஒன்று நடந்தது. அதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். போன வாரம் ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு தக்காளித் தோட்டத்தில் மோட்டாரை இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். நேற்று அது எரிந்துபோனது. அந்தப் பக்கம் மின்சாரம் ஏறி இறங்குவது வழக்கம். அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டு, "கரன்ட்டு ஓவரா வந்துருக்கும் போலங்க" என்று என்னைக் கூப்பிட்டார். காலையில் போய்ப் பிரித்துப் பார்த்தேன். கேபிள் இணைப்பை நான்தான் சரியாகச் சுற்றாமல் விட்டிருக்கிறேன், தண்ணீர் இறங்கியிருக்கிறது. அவர் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது தெரிய வழியே இல்லை. ஆமாங்க, கரன்ட்டுதான் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது.

"தப்பு என்னோடதுங்க. இணைப்பு நான் சரியாச் சுத்தல" என்றேன்.

அவர் திட்டினார். சாதாரணத் திட்டு இல்லை. நேற்றிலிருந்து தண்ணீர் பாயாமல் செடி வாடி நிற்கிறது, அதைக் காட்டிக் காட்டித் திட்டினார். வேலியோரம் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் தலையாட்டிக்கொண்டே புது இணைப்பு போட்டேன். வேறு மோட்டார் வரும்வரைக்கும் என் கடை மோட்டாரை இறக்கிக் கொடுத்து, மதியத்துக்குள் தண்ணீர் பாய வைத்தேன். கிளம்பும்போது அவர் பைக் வரைக்கும் வந்து, பையில் நாலு தக்காளியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

வரும் வழியெல்லாம் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. இத்தனை வயதில் ஒரு மனிதன் உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டு வருகிறான் என்று. பட்டறைக்கு வந்து உட்கார்ந்தேன். சாயந்திரம் ஆகியிருந்தது. எதிர்க்கடைக்காரர் வழக்கம்போல் ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். சொல்லலாமென்று வாயைத் திறந்தேன், அவருக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.